ஒரேலியன் துபெதாவின் வலது கால்

உலக டென்னிஸ் போட்டி நடக்கும் ரோலான் காரோஸ் அரங்கின் வாசலில் காவலர் காரை நிறுத்தினார். காரின் கூரையில் 'ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, மிராமோன்' என்று ஒரு பலகை இருந்தது.

"பழகற வண்டிக்கெல்லாம் உள்ள இடமில்ல மேடம். அடுத்த தெரு காலியா இருக்கும், அங்க போய்ப் பழகுங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மைலிஸ் பக்கத்து இருக்கையைக் கண்ணால் காட்டினாள். "இவன் ஆட்டக்காரன்."

காவலர் குனிந்து பார்த்தார். முப்பத்தைந்து வயது. பின்வாங்கிய முடி. முழங்காலில் ஐஸ் பை.

"பயிற்சியாளரா?"

"ஆட்டக்காரன்தான்," என்றான் ஒரேலியன். "நம்பறது கஷ்டம். எனக்கே காலையில எழுந்ததும் கொஞ்ச நேரம் ஆகுது."

அடையாள அட்டையை நீட்டினான். காவலர் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வருஷமும் இதே வண்டியிலதானே வந்தீங்க?"

"அதுக்கு முந்தின வருஷமும்."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சிருந்தா பலகை இல்லாத வண்டியில வந்திருக்க மாட்டேனா?"

தடைக்கம்பி உயர்ந்தது. மைலிஸ் வண்டியைக் கிளப்பினாள். திருப்பத்தில் ஒரு பேருந்து குறுக்கே வந்தது. ஒரேலியனின் வலது கால் தானாக முன்னால் போனது. பயிற்சி வண்டி என்பதால் அவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கார் குலுங்கி நின்றது.

"கால எடு!" என்றாள் மைலிஸ்.

அவள் அவனுக்கு அக்கா. மிராமோனில் பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தவள். அவனுக்கு டென்னிஸ் பயிற்சியாளரும் அவள்தான். காரணம், வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. அவளுக்கு டென்னிஸில் இரண்டே விஷயங்கள் தெரியும். பந்து வலையைத் தாண்ட வேண்டும். தம்பி நேரத்துக்குத் தூங்க வேண்டும். இவற்றில் முதலாவதை அவனால் எப்போதும் உறுதியாகச் செய்ய முடிந்ததில்லை.

ஒரேலியன் துபெதா தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிப் பதினேழு வருஷம். உலகத் தரவரிசையில் அவனுக்கு மேலே எப்போதும் ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். கீழேயும் அதே அளவு. நடுவில் நின்று அவன் இரண்டு பக்கமும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரோலான் காரோஸின் பிரதான சுற்றில் ஆட, அவனைப் போன்றவர்கள் முந்தின வாரம் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அவன் முதல் இரண்டை ஜெயிப்பான். மூன்றாவதில் தோற்பான். ஒரு வருஷம் அல்ல, அநேகமாக எல்லா வருஷமும். ஒரு பத்திரிகை அவனுக்கு 'வரவேற்பறை வீரர்' என்று பெயர் வைத்தது. மைலிஸ் அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். அவன் அதன் கீழே பேனாவால் எழுதினான்: 'மேல்கோட்டைக் கழற்றியாயிற்று. காபி இன்னும் வரவில்லை.'

அவனுடைய முறை அது. யாரும் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவான். அவன் ஆட்டத்தில் உலகத்தரமான அடி ஒன்று உண்டென்றால் அதுதான்.

இந்த வருஷத்தோடு முடிந்தது. முழங்கால் சொல்லிவிட்டது. செப்டம்பரிலிருந்து அக்காவின் பள்ளியில் அவன் ஓட்டுநர் பயிற்சி தருவான். அதற்கான தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறிவிட்டான். வாழ்க்கையில் அவன் தாண்டிய ஒரே இறுதிச் சுற்று.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு முறை உள்ளே போக வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிரதான சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் ஆடித் தோற்றால் போதும். பதினேழு வருஷமாக வெளியே தோற்றவனுக்கு உள்ளே தோற்பது ஒரு பதவி உயர்வு.

இந்த வருஷமும் முதல் இரண்டு ஆட்டங்களை ஜெயித்துவிட்டான். இன்று மூன்றாவது.

*

எதிராளி லிசாந்த்ரு மரியானி. வயது பத்தொன்பது. கோர்சிகா தீவுக்காரன். குளிர்காலம் முழுக்க இருவரும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். சேர்ந்து என்றால், லிசாந்த்ரு அடிப்பான், ஒரேலியன் போய்ப் பொறுக்கி வருவான். ஒரேலியனின் வாழைப்பழங்களையும் லிசாந்த்ருதான் தின்பான்.

உடை மாற்றும் அறையில் லிசாந்த்ரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, நீங்க முதல் தடவ இங்க ஆடினப்ப நான் பொறந்துட்டேனா?"

"பொறந்துட்ட. ஆனா கால்சட்டையோட இருந்திருக்க மாட்ட."

"இன்னிக்கு உங்கள ஜெயிச்சா எங்கம்மா என்னச் சேர்க்க மாட்டாங்க. உங்களுக்காக மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறாங்க."

"நான் ஜெயிக்கணும்னா?"

"உங்க முட்டிக்கு."

"அப்ப நீ தாராளமா ஜெயிக்கலாம். முட்டி மட்டும் பத்திரமா வீடு வந்து சேந்தா உங்கம்மாவுக்குப் போதும்."

லிசாந்த்ரு சிரித்தான். பிறகு ஒரேலியனின் பையைத் திறந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனான்.

*

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள மிராமோனின் ஞாயிற்றுக்கிழமைகள் தெரிந்திருக்க வேண்டும்.

தரவரிசையின் நடுவில் நிற்பவனுக்குச் சோறு போடுவது உலகப் போட்டிகள் அல்ல. ஊர்க் கிளப்புகள். கிளப்புக்கும் கிளப்புக்கும் நடக்கும் ஆட்டங்களில் அவன் பத்து வருஷமாக மிராமோனுக்காக ஆடினான். அங்கே ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. வலைக்கு இந்தப் பக்கம் விழும் பந்துக்கு இந்தப் பக்கத்துக்காரனே நீதிபதி. தரை செங்கல் பொடி. விழுந்த இடத்தில் பந்து ஒரு தடம் பதித்துவிட்டுப் போகும். சந்தேகம் வந்தால் போய்த் தடத்தைப் பார்க்க வேண்டும். பந்து கோட்டைத் தொட்டிருந்தால் வாயால் சொல்வதில்லை. காலால் தடத்தை அழிப்பார்கள். அழித்தால், 'உன் பந்து சரி, புள்ளி உனக்கு' என்று பொருள். அழித்தபின் வாதம் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்கு விருந்து. மிராமோன் விருந்து என்றால் அதன் கொழுப்பிலேயே வெந்த வாத்துக் கால், வெள்ளை பீன்ஸ், அர்மன்யாக் பிராந்தி. கிளப் தலைவர் காஸ்தோன் கரண்டியோடு கம்பிவேலிக்கு வெளியே வந்து நிற்பார். ஒரு தடத்துக்காக நின்று வாதாடினால் பீன்ஸ் ஆறிப்போகும். ஒரேலியன் வாதாடுவதில்லை. சந்தேகமான பந்தா, போவான், சரட்டென்று அழிப்பான், அடுத்த பந்துக்குப் போவான்.

நேர்மையான மனிதன் என்று மிராமோனில் அவனுக்குப் பெயர். பசித்த மனிதன் என்பதே சரி.

*

முதல் செட் லிசாந்த்ருவுக்கு. இரண்டாவது ஒரேலியனுக்கு. மூன்றாவது சமனாகி டைபிரேக் வரை போனது. முதலில் பத்துப் புள்ளி எடுப்பவன், இரண்டு புள்ளி முன்னால் இருந்தால், உள்ளே போவான்.

மிராமோனிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஊர் வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதும் ஒருவனும் வந்திருந்தான். ஒரேலியன் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஊதினான். நடுவர் அம்மா உயரமான நாற்காலியிலிருந்து இரண்டு முறை அவனை எச்சரித்தார். மூன்றாவது முறை, ஆட்டம் முடிந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் ஊதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்.

ஒன்பதுக்கு எட்டு. ஒரேலியன் முன்னால். மேட்ச் பாயிண்ட். சர்வ் அவனுடையது.

அடித்துவிட்டு வலைக்கு ஓடினான். முப்பத்தைந்து வயதில் அதை ஓட்டம் என்று சொல்வது பெருந்தன்மை. லிசாந்த்ரு பந்தை அவனுக்கு எட்டாமல் பக்கவாட்டில் நேராக அடித்தான். பந்து அவனைக் கடந்து பின்னால் கோட்டுப் பக்கம் விழுந்தது.

"வெளியே!" என்று கத்தினார் கோட்டு நடுவர். கை பக்கவாட்டில் நீண்டது.

முடிந்தது. ஜெயித்துவிட்டான். டிரம்பெட் எழுந்தது. மைலிஸ் எழுந்தாள். நடுவர் முடிவைச் சொல்ல மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

மற்ற யாராக இருந்தாலும் மட்டையை வானத்துக்கு எறிந்திருப்பான். தரையில் புரண்டிருப்பான். ஒரேலியன் திரும்பி, பந்து விழுந்த இடத்துக்கு நடந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. போய் நின்றான். வலது கால் முன்னால் வந்தது. சரட், சரட்.

தடம் போய்விட்டது.

டிரம்பெட் பாதி மூச்சில் நின்றது.

ஒரேலியன் தன் காலைப் பார்த்தான். சிவப்பாகியிருந்தது. யாரோ வேறு ஒருவனுடைய கால் மாதிரி இருந்தது.

நடுவர் மைக்கைக் கையால் மூடினார். "மொசியே துபெதா. தடத்த அழிச்சிட்டீங்க."

"ஆமா."

"அழிச்சா பந்து சரின்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். தெரியும்ல?"

"வேற அர்த்தம் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஒத்துக்கிட்டேன்."

நடுவர் அறிவித்தார். பந்து உள்ளே. ஒன்பதுக்கு ஒன்பது.

அப்போதுதான் அது தொடங்கியது. முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு ஒரு வரிசை. பிறகு எல்லாரும் எழுந்து நின்றார்கள். பதினேழு வருஷத்தில் அவனுக்காக ஒரு கூட்டம் முழுவதும் எழுந்தது இதுவே முதல் முறை. முன்பெல்லாம் எழுந்தால் வீட்டுக்குப் போவதற்காக எழுவார்கள். பக்கத்துக் களத்தில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

மைலிஸ் மட்டும் கைதட்டவில்லை. அவளுடைய வலது கால் முன்னால் இருந்த பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. காரில் பிரேக் இருக்கும் இடம்.

டைபிரேக்கில் ஆறு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும், இப்போது மொத்தம் பதினெட்டு ஆகியிருந்தது. வலைக்கம்பத்தருகே இருவரும் கடந்தார்கள். லிசாந்த்ருவின் முகம் வெளுத்திருந்தது.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"தெரியலடா."

லிசாந்த்ரு அவனை ஒரு துறவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அடுத்த சர்வும் ஒரேலியனுடையதே. இவ்வளவு கைதட்டலுக்குப் பிறகு இரண்டு சர்வையும் வலையில் அடிப்பது மரியாதையாக இருக்காது. இரண்டையும் வலையிலேயே அடித்தான். பத்துக்கு ஒன்பது. இப்போது மேட்ச் பாயிண்ட் லிசாந்த்ருவுக்கு.

லிசாந்த்ரு சர்வ் போட்டான். ஒரேலியன் திருப்பினான். பந்து நாலைந்து முறை வந்து போனது. கடைசியில் ஒரேலியன் கண்ணை மூடிக்கொண்டு கோட்டோரம் ஓங்கி அடித்தான். லிசாந்த்ரு நீட்டிய மட்டைக்கு அது எட்டவில்லை.

"வெளியே!"

லிசாந்த்ரு ஜெயித்துவிட்டான். ஆனால் கையை உயர்த்தவில்லை. கூட்டமும் கத்தவில்லை. எல்லாருடைய கண்ணும் அவன் காலில் இருந்தது.

அதே கோடு. ஒரேலியன் அழித்த இடத்திலிருந்து நாலெட்டு தள்ளி. லிசாந்த்ரு போய் நின்றான். குனிந்து பார்த்தான். நிமிரவில்லை.

"தம்பி!" என்று டிரம்பெட்காரன் கத்தினான். "பெரியவர் காட்டினார்ல?"

"அழி!" என்றது மேல் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்.

லிசாந்த்ரு வலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரேலியனைப் பார்த்தான். ஒரேலியன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று சொல்லத்தான் ஆட்டினான். அந்த ஆட்டலில் எவ்வளவு 'வேண்டாம்' இருந்தது என்பது அவனுக்கே சந்தேகம். கூட்டத்துக்கு அது இன்னொரு பெருந்தன்மையாகத் தெரிந்தது. கைதட்டல் மறுபடி கிளம்பியது.

லிசாந்த்ரு அழித்தான். ஒரே இழுப்பு. கோபமாக.

பத்துக்குப் பத்து. அடுத்து அவன் இரண்டு சர்வையும் வெளியே அடித்தான். அதற்கடுத்து ஒரேலியனின் சர்வை, ஊரில் யாரும் பயப்படாத அந்த சர்வை, வலையில் அடித்தான். பன்னிரண்டுக்குப் பத்து.

ஒரேலியன் துபெதா பிரதான சுற்றுக்குள் நுழைந்துவிட்டான்.

*

தகுதிச் சுற்று ஆட்டக்காரனிடம் கேள்வி கேட்க வழக்கமாக ஒரு நிருபர் வருவார், அதுவும் வெளியே மழை பெய்தால். அன்று அறை நிறைந்திருந்தது.

"அந்த நொடியில உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

"எதுவும் ஓடல. கால்தான் ஓடுச்சு. பழக்கம்."

சிரித்தார்கள். 'நேர்மை எனக்குப் பழக்கம்' என்று ஒருவர் எழுதிக்கொள்வது அவனுக்குத் தெரிந்தது.

"நான் சொல்றது வேற. எங்க கிளப்ல ஆட்டம் முடிஞ்சா சாப்பாடு. சீக்கிரம் சாப்பிடணும்னு அழிச்சு அழிச்சு…"

இன்னும் பெரிய சிரிப்பு. என்ன அடக்கம் பார் என்று பின்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தவரிடம் சொன்னார்.

"உண்மையச் சொல்றேங்க. நான் தடத்தப் பார்க்கவே இல்ல."

அறை அமைதியானது. ஒரேலியனுக்கு நிம்மதியாக இருந்தது. கடைசியில் புரிந்துகொண்டார்கள்.

முன்வரிசை நிருபர் மெதுவாகக் கேட்டார். "பார்க்காமலே எதிராளிக்கு விட்டுக்கொடுத்தீங்களா?"

பேனாக்கள் ஓடின. தன்னைக் கேலி செய்துகொள்ளும் அவனுடைய ஒரே நல்ல அடி அன்று முதல் முறையாக வெளியே போய் விழுந்தது. யாரும் நம்பவில்லை.

திரும்பும்போது கார் சிவப்பு விளக்கில் நின்றதும் மைலிஸ் கேட்டாள்.

"பந்து உள்ளயா வெளியயா?"

"பார்க்கலக்கா. நீ பார்த்தியா?"

"எங்க பார்க்க? டிரம்பெட்காரன் எனக்கு முன்னாடி எழுந்து நின்னுட்டான்."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"கோட்டு நடுவருக்குத் தெரியும். அந்த மனுஷன் வெளியேன்னு கத்தினாரு. நீ அவர் பேச்சக் கேட்டிருக்கலாம். சம்பளம் வாங்கிட்டுக் கத்தறாரு."

விளக்கு பச்சையானது.

"அந்தப் பையன் கிட்ட சொல்லிட்டியா?"

"என்னன்னு?"

"நீ மகாத்மா இல்ல, மடையன்னு."

*

லிசாந்த்ரு மறுநாள் ஆட்டக்காரர்களின் உணவுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து பாஸ்தா தின்றுகொண்டிருந்தான். ஒரேலியன் எதிரில் உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து மேசையில் வைத்தான். லிசாந்த்ரு அதைத் தொடவில்லை.

"ஒண்ணு சொல்லணும்டா."

"வேண்டாம்ணே. எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒங்கள மாதிரி வரணும்னு எங்கம்மா அழறாங்க."

"நான் நேர்மைக்காக அழிக்கல. கால் தானா போயிடுச்சு. கிளப் பழக்கம்."

லிசாந்த்ருவின் முள்கரண்டி நின்றது.

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை பழக்கம். பந்து உள்ளயா வெளியயான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

லிசாந்த்ரு கரண்டியைத் தட்டில் வைத்தான். மிக மெதுவாக வைத்தான்.

"அண்ணே. நான் அழிச்சது வெளியதான் இருந்துச்சு." கட்டை விரலையும் சுட்டு விரலையும் விரித்துக் காட்டினான். இடையில் ஒரு முட்டையை வைக்கலாம். "இவ்வளவு. நல்லாத் தெரிஞ்சுது. ஆனா ஊரே என் காலப் பார்க்குது. அழிக்காம நின்னா நான் திருடன். நீங்க மகான், நான் திருடன். எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அதத்தான் சொல்லிக் காட்டுவாங்க."

"நான் தலையாட்டினேனே."

"அந்தத் தலையாட்டல்தான் என்னக் கொன்னுச்சு."

இருவரும் பாஸ்தாவைப் பார்த்தார்கள். அது ஆறிக்கொண்டிருந்தது.

ஒரேலியன் அங்கே வரும்போதே ஒன்றை யோசித்து வைத்திருந்தான். அதை இப்போது சொல்ல வேண்டும். சொன்னான்.

"நான் விலகிடறேன். முட்டி வலின்னு சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அது பொய்யும் இல்ல. தகுதிச் சுற்றுல கடைசி ஆட்டம் தோத்தவங்கள்ல ஒருத்தர எனக்குப் பதிலா உள்ள எடுப்பாங்க. சீட்டுப் போட்டா உன் பேர் வரலாம்."

சரி என்று சொல்லிவிடுவானோ. பதினேழு வருஷம் ஒரு பாஸ்தாத் தட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரேலியன் சிரிப்பு வரவழைக்கப் பார்த்தான். வரவில்லை. அவனுக்குக் கேலி வராதது அன்றுதான்.

லிசாந்த்ரு அவன் முகத்தையே பார்த்தான்.

"வந்தா என்ன எழுதுவாங்க தெரியுமா? மகான் மறுபடியும் விட்டுக்கொடுத்தார்னு எழுதுவாங்க. நான் ஜெயிச்சாலும் ஒங்க பேர். தோத்தாலும் ஒங்க பேர். என்னால முடியாதுண்ணே. தயவு பண்ணி உள்ள போய் ஆடுங்க."

ஒரேலியன் மூச்சை விட்டான். அது வெளியே கேட்டிருக்க வேண்டும்.

"பயந்துட்டீங்கல்ல?"

"ரொம்ப."

லிசாந்த்ரு அன்று முதல் முறையாகச் சிரித்தான். வாழைப்பழத்தை எடுத்து உரித்தான். "பத்தொன்பது வயசு எனக்கு. அடுத்த வருஷம் வந்துக்கறேன். ஒங்களுக்கு அடுத்த வருஷம் கியர் மாத்தத்தான் நேரம் இருக்கும். ஆனா ஒண்ணு. இனிமே பந்து எங்க விழுந்தாலும் தடத்துக்கிட்டப் போகாதீங்க. ஒங்களுக்குப் பின்னாடி வர்றவனுக்கு வாழ்க்கை கஷ்டமாகுது."

*

முதல் சுற்று. மூலையில் ஒரு சின்னக் களம். பிரதான சுற்றில் மூன்று செட் எடுத்தவனுக்கே ஆட்டம். எதிரில் அர்ஜென்டினாக்காரன் ஒருவன், தொடைகள் தூண் மாதிரி. ஒரேலியன் உள்ளே வந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. ஒரு குடும்பம் 'நன்றி ஒரேலியன்' என்று துணியில் எழுதிப் பிடித்திருந்தது. எதற்கு நன்றி என்று அவர்களையே கேட்க வேண்டும்போல இருந்தது.

முதல் இரண்டு செட்டையும் அர்ஜென்டினாக்காரன் மூச்சு வாங்காமல் எடுத்துக்கொண்டான். ஒரேலியன் ஓடினான், தேடினான், சில பந்துகளைத் தூரத்திலிருந்து வழியனுப்பினான். அவன் எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் மூன்றாவது செட்டில் எதிராளிக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்டியது. ஒரேலியனுக்குச் சலிப்பதற்கு வழியில்லை. ஐந்துக்கு நாலு என்று முன்னால் போனான். செட் பாயிண்ட் ஒன்று வந்தது. வந்த பிறகு ஆசையும் வந்தது. உள்ளே தோற்றால் போதும் என்றவன் உள்ளே ஒரு செட் வேண்டும் என்றான்.

மைலிஸ் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் லிசாந்த்ரு, மிராமோன்காரர்கள் கொண்டுவந்த வாத்து சாண்ட்விச்சோடு. டிரம்பெட்காரனிடம் டிரம்பெட்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

அர்ஜென்டினாக்காரன் மூலையைப் பார்த்து அடித்தான். ஒரேலியனுக்கு எட்டவில்லை.

"வெளியே!"

செட் ஒரேலியனுக்கு. மைலிஸ் எழுந்தாள். ஆனால் அர்ஜென்டினாக்காரன் மட்டையால் தரையைக் காட்டினான். தடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கத் தொடங்கினார். ஒல்லியான ஆள், ஒவ்வொரு படியாக இறங்கினார்.

ஒரேலியன் அதற்குள் தடத்தருகே நின்றிருந்தான். எப்படி வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. கூட்டம் அமைதியானது. ஃபோன்கள் உயர்ந்தன. எல்லாரும் இதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். துணி பிடித்த குடும்பம் துணியை இன்னும் உயர்த்திப் பிடித்தது.

குதிகால் தரையை விட்டு எழும்பியது.

"கால எடு!"

மைலிஸின் குரல். இருபது வருஷம் திருப்பங்களிலும் சிவப்பு விளக்குகளிலும் பழகிய குரல். கார் என்ன, ரோலான் காரோஸ் என்ன.

ஒரேலியன் காலை எடுத்தான். இரண்டடி பின்னால் வைத்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தான். மரத்தில் ஒரு புறா இருந்தது.

நடுவர் வந்து குனிந்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். ஒரேலியனுக்கு அந்தப் பந்து வெளியே இருக்க வேண்டும் என்று இருந்தது. வாழ்நாளில் எந்தப் பந்தையும் அவன் இவ்வளவு விரும்பியதில்லை. அது கிளப்புக்காகவோ சாப்பாட்டுக்காகவோ இல்லை.

நடுவர் நிமிர்ந்தார். "உள்ள."

தன் ஷூவால் தடத்தை அவரே அழித்தார்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பிறகு மேல் வரிசையிலிருந்து ஒரு விசில். இன்னொரு விசில். மகான் அழிக்கவில்லை. துணி கீழே இறங்கியது. கூட்டத்தில் ஒருவன் மட்டும் எழுந்து நின்று கைதட்டினான். லிசாந்த்ரு. வாயில் சாண்ட்விச் இருந்ததால் அவனால் கத்த முடியவில்லை.

ஒரேலியனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த செட்டும் போனது. ஆட்டமும் போனது. அவன் உள்ளே தோற்றான்.

*

திரும்பும்போது லிசாந்த்ரு பின்சீட்டில் ஏறிக்கொண்டான். ரயில் நிலையம் வரை விட்டால் போதும் என்றான். மிராமோன் வரை வந்தால் வாத்து உண்டு என்றாள் மைலிஸ். ரயிலைப் பற்றி அதன்பின் அவன் பேசவில்லை.

வாசலில் அதே காவலர். கூரைப் பலகையைப் பார்த்ததும் ஓடி வந்தார். குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார்.

"நீங்கதானா அது? அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? என் பையனுக்கு ஒங்களக் காட்டிச் சொல்லித் தந்துட்டிருக்கேன், மனுஷன்னா இப்படி இருக்கணும்னு."

ஒரேலியன் வாயைத் திறந்தான். கிளப், ஞாயிற்றுக்கிழமை, பீன்ஸ் எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றன.

"ஆமாங்க, இவன்தான்," என்றாள் மைலிஸ். "கம்பியத் தூக்குங்க."

பின்சீட்டில் லிசாந்த்ரு முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

தடைக்கம்பி உயர்ந்தது. கார் தெருவில் இறங்கியது. திருப்பத்தில் ஒரு லாரி வந்தது. ஒரேலியனின் வலது கால் முன்னால் போனது. கார் குலுங்கி நின்றது. பின்சீட்டில் இருந்தவன் முன்சீட்டில் மோதிக்கொண்டான்.

"அண்ணே!"

"செப்டம்பர்ல இவன் ஊருக்கு ஓட்டச் சொல்லித் தரப்போறான்," என்றாள் மைலிஸ். "டேய், கால எடு."